உடைந்த சுவரின் விளிம்பு: ஃபோமா, எம்டிஎஃபா, பிரின்டா?

சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு முழுக் கட்டடம் செய்வது எளிது. வெளிச்சுவர் நன்றாக இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இடிந்த கட்டடம் அப்படியல்ல. சுவரின் தடிமன், பிளந்த செங்கல், பாதியில் முறிந்த தளம் எல்லாம் வெளியே தெரியும். அதனால் இடிபாடு செய்ய எந்தப் பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அதை உடைத்தால் விளிம்பு எப்படி இருக்கிறது?

இதற்காகவே ஒரே வடிவத்தை நான்கு விதமாகச் செய்து பார்த்தேன். எல் வடிவ மூலை. ஒரு கை 15 செ.மீ., இன்னொன்று 10 செ.மீ., இரண்டு மாடி. அளவு 28 மி.மீ., அதாவது பொம்மை வீரனின் உயரம் அவ்வளவு; நிஜத்தில் ஏறக்குறைய 56-இல் ஒரு பங்கு (1:56).

இந்த அளவில் முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது. பிரிட்டனின் வழக்கமான செங்கல் 215 மி.மீ. நீளம். அந்த நீளமே தடிமனாக உள்ள சுவரை 56-ஆல் வகுத்தால் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். 5 மி.மீ. ஃபோம் போர்டு நிஜத்தில் 28 செ.மீ. சுவர், சாதாரண வீட்டுக்கு ரொம்பப் பொருத்தம். 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 17 செ.மீ.கூட வராது. உள்தடுப்புக்குச் சரி, பல மாடிகளைத் தாங்கும் வெளிச்சுவருக்கு மெலிவு. 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் 56 செ.மீ. ஆகிறது, பழைய ஆலை, தேவாலயம் போன்ற கனமான கட்டடங்களுக்குத்தான் அது. ரஷ்யாவின் வோல்கோகிராடில் இடிபாடாகவே காத்துவரும் கெர்ஹார்ட் ஆலையின் படங்களைப் பாருங்கள். வெறுமையான சன்னல் குழிகளிலேயே சுவரின் கனம் தெரிந்துவிடும்.

சரி, முதலில் எக்ஸ்பிஎஸ். தெர்மாகோலும் இதுவும் ஒரே பாலிஸ்டைரீன்தான், ஆனால் தெர்மாகோல் மணிமணியாக உதிரும். எக்ஸ்பிஎஸ் ஒரே சீரான, மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரை. அதனால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் கோடு அப்படியே நிற்கிறது. கசக்கிய அலுமினியத் தாளை உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வருகிறது. விளிம்பை விரலால் கிள்ளி உடைக்கலாம். இடிபாட்டுக்கு இது பெரிய வரம். செங்கல் சுவர் பெரும்பாலும் சாந்து இணைப்பு வழியாகப் படிப்படியாகப் பிளக்கும், ஏனென்றால் சாந்துதான் அங்கே பலவீனமான இடம். ஆகவே முதலில் கையால் கிள்ளி உடைத்து, அப்புறம் பிளேடு முனையால் செங்கல் வரிசைகளை ஒட்டிச் சின்னச் சின்னப் படிகளாகச் செதுக்குகிறேன். கான்கிரீட் கட்டடம் என்றால் படி வேண்டாம். அங்கே துண்டுகள் கம்பியில் தொங்கும், எனவே மெல்லிய கம்பிகளை விளிம்பில் குத்தி வளைத்துவிட வேண்டும்.

செங்கலைச் சுவர் முழுக்க வரையாதீர்கள். 65 மி.மீ. உயரச் செங்கல் இந்த அளவில் 1.2 மி.மீ.தான், அதைக் கையால் வரைவது நடக்காத காரியம். நான் 3 மி.மீ. வரிசையாக வரைகிறேன். அதுவும் உடைந்த விளிம்பைச் சுற்றியும், பூச்சு உதிர்ந்த திட்டுகளிலும் மட்டும். மற்ற இடமெல்லாம் பூசிய சுவர். வேலையும் மிச்சம், பார்க்கவும் இன்னும் நிஜமாக இருக்கிறது.

எக்ஸ்பிஎஸ்ஸின் குறை இரண்டு. ஸ்ப்ரே பெயின்ட்டின் கரைப்பான் அதை அரித்துவிடும். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, ஓர் இடுக்குகூட விடாமல் இரண்டு பூச்சு கொடுத்தபிறகுதான் நான் அடுத்த வண்ணத்துக்குப் போகிறேன். இன்னொன்று மென்மை, பெட்டிக்குள் இடிபட்டால் மூலை நசுங்கும். சூடான கம்பியால் வெட்டுபவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகையை நிச்சயம் சுவாசிக்கக் கூடாது.

ஃபோம் போர்டு இரண்டு காகிதத் தோலுக்கு நடுவே நுரை. காகிதத்தை ஈரமாக்கி உரித்தால் உள்ளே கிடைப்பதிலும் செங்கல் கோடு போடலாம். சில பலகைகளில் காகிதம் உரியவே உரியாது, ஆகவே மொத்தமாக வாங்கும் முன் ஒரு துண்டில் சோதியுங்கள். தண்ணீர் கலந்த வண்ணத்தை ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். இரு பக்கமும் பூச வேண்டும். சுவரைவிடத் தளத்துக்குத்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது. தோல் உரிக்காமல் விட்டால் மெல்லியதாக இருந்தும் விறைப்பாக நிற்கும்.

எம்டிஎஃப் கிட் வேகத்தில் எல்லாவற்றையும் தோற்கடித்தது. லேசர் வெட்டிய துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன, வெள்ளைப் பசை போதும், ஒரே மாலையில் கட்டடம் நின்றுவிட்டது. அடிக்கடி தூக்கிச்செல்லும் களத்துக்கு இந்த உறுதி உண்மையாகவே தேவை. ஆனால் விளிம்பில் ஏமாற்றம்தான். லேசர் நேர்செங்குத்தாக வெட்டுவதால் 'உடைந்த' கோடு சுவரின் முழுத் தடிமனுக்கும் ஒரே மாதிரி போகிறது, மேலே கருகிய பழுப்பு வேறு. இடிந்த சுவர் மாதிரி இல்லாமல் ஜிக்சா துண்டு மாதிரி நிற்கிறது. ஒரே கிட்டை இரண்டு முறை ஒட்டினால் இரண்டு வீடும் ஒரே மாதிரி இடிந்திருக்கும்! இடுக்கியால் விளிம்பைக் கடித்து, நொறுக்கிய கார்க்கும் ஃபில்லரும் ஒட்டினால் தேறும். உரசும்போது முகக்கவசம் கட்டாயம்.

த்ரீடி பிரின்ட்டில் உடைப்பைக் கோப்பிலேயே செதுக்கிவைத்திருப்பார்கள், ஆகவே நல்ல கோப்பு கிடைத்தால் விளிம்பு அருமை. செங்குத்துச் சுவரில் 0.2 மி.மீ. அடுக்குக் கோடுகள் அவ்வளவாக உறுத்தவில்லை. சரிந்த இடிபாட்டுக் குவியலில்தான் வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் போல வளையம் வளையமாகத் தெரிகின்றன. அங்கே மணலும் பசையும் போட்டு மூடினேன். ஒரு தெரு முழுக்க அச்சிட நாள்கணக்கில் பிரிண்டர் ஓட வேண்டும். பிரிண்டரில் ஓடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், வெயிலில் மூடிய காரில் விட்டுவராதீர்கள். ரெசின் பிரின்ட் (திரவத்தை ஒளியால் இறுக்கும் முறை) சுவருக்கு வேண்டாம், சின்னப் பொருள்களுக்கு மட்டும் போதும்.

ஆனால் விளிம்பை மட்டும் பார்த்தால் இந்த நான்கையும் வெல்வது பிளாஸ்டர். உடைத்தால் நிஜமாகவே உடைகிறது, நடிக்க வேண்டியதில்லை. ஆனால் எடை அதிகம், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சில்லு போகும். மெல்லிய தகடாக வார்த்து, துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, இடிபாட்டுக் குவியலுக்குப் பயன்படுத்துகிறேன். அதற்கு இணை வேறில்லை.

மேசையில் வைத்து ஆடியபோது வேறொரு விஷயம் புரிந்தது. நிஜக் கணக்கில் ஒரு மாடி 54 மி.மீ. போதும், ஆனால் கை உள்ளே போகாது, 75 மி.மீ. வைத்தால்தான் மாடிக்கு அடியில் வீரனை வைத்து எடுக்க முடிகிறது. 10 மி.மீ. சுவர் தளத்தின் அகலத்தையும் தின்றுவிடுகிறது. வீரன் நிற்கும் 32 மி.மீ. அடித்தட்டு (பேஸ்) இரண்டு அருகருகே நிற்க 64 மி.மீ. வேண்டும் என்பதை வெட்டும் முன்பே யோசியுங்கள். குவியலையும் ஒரே சரிவாக விடாமல் நடுவே ஒரு தட்டை இடம் வைத்தால் வீரர்கள் வழுக்கி விழமாட்டார்கள்.

இப்போது நான் செய்வது கலவை. அடியில் ஓரம் சரித்த 3 மி.மீ. எம்டிஎஃப், 5 அல்லது 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ் சுவர், ஃபோம் போர்டு தளம், பிளாஸ்டர் குவியல். பிரிண்டரை சன்னல் சட்டம், படிக்கட்டுக் கைப்பிடி, ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு மட்டும் ஓடவிடுகிறேன். சட்டத்தை ஒட்டும் முன் இடுக்கியால் ஒரு குறுக்குச் சட்டத்தையாவது ஒடித்துவிடுவேன். சுற்றியிருக்கும் சுவர் சிதைந்திருக்க, சன்னல் மட்டும் புதிதாக நின்றால் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.