பர்மிங்காமின் மூன்று பேஸ்பால் அரங்குகள்: எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

அமெரிக்காவில் ஒரு மைனர் லீக் அணி (மேஜர் லீக் என்னும் உச்ச நிலைக்குக் கீழே ஆடும் பேஸ்பால் அணி) புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தால், பழைய அரங்கு பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இடிபட்டு, வாகன நிறுத்துமிடமாகவோ அடுக்குமாடிக் குடியிருப்பாகவோ மாறிவிடும். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் இதற்கு விதிவிலக்கு. இந்நகரின் பாரன்ஸ் அணி 1910 முதல் 1987 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, விளையாடிய ரிக்வுட் ஃபீல்ட், 1988-இல் போய்ச் சேர்ந்த ஹூவர் மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம், 2013 முதல் விளையாடிவரும் ரீஜன்ஸ் ஃபீல்ட் ஆகிய மூன்றும் இன்றும் நிற்கின்றன. ஆகவே, புகைப்படங்களை நம்பாமல் நேரில் சென்றே இவற்றை ஒப்பிட முடிகிறது.

ஆட்டம் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் ரீஜன்ஸ் ஃபீல்டுக்கு இணையில்லை. ஏறத்தாழ 8,500 பேர் அமரக்கூடிய இந்த அரங்கு நகரின் மையப்பகுதியிலேயே இருக்கிறது. எதிரே ரயில்ரோட் பார்க், பக்கத்தில் கறுப்பின வீரர்களின் தனி லீகுகளை நினைவுகூரும் நீக்ரோ சதர்ன் லீக் அருங்காட்சியகம். மைதானத்துக்குப் பின்னால் நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. இருக்கைகள் ஆடுகளத்துக்கு மிக அருகில் அமைந்திருப்பதால், பந்து கையுறையில் விழும் ஓசையைக்கூடத் தெளிவாகக் கேட்கலாம். குழந்தைகளுடன் வருவோர் வெளிக்களத்தின் புல்மேட்டில் விரிப்பைப் போட்டு அமர்ந்துவிடுகிறார்கள். பாரன்ஸ் அணி மேஜர் லீக் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸின் டபுள் ஏ நிலை அணி (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே) என்பதால், இன்று இங்கே ஆடும் இளைஞர்களில் சிலரை ஓரிரு ஆண்டுகளில் மேஜர் லீகில் பார்க்கலாம். திறந்த ஆண்டிலேயே அணி சதர்ன் லீக் பட்டத்தையும் வென்றது. குறை ஒன்றுண்டு: இதே செங்கல், இதே இரும்பு, இதே திறந்த நடைபாதை கொண்ட அரங்குகளை அமெரிக்காவின் வேறு பல நகரங்களிலும் காணலாம்.

ஹூவர் அரங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புறநகரில், காரில் மட்டுமே சென்றடையக்கூடிய இடத்தில், பரந்த வாகன நிறுத்துமிடத்தின் நடுவே எழுப்பப்பட்ட இதில், 1980-களின் திட்டமிடல் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுவிடலாம். கூடைப்பந்திலிருந்து விலகிய மைக்கேல் ஜோர்டான் 1994-இல் பாரன்ஸ் சீருடையில் ஆடியது இங்கேதான். அவருடைய பேட்டிங் சராசரி .202, அதாவது ஏறத்தாழ ஐந்து வாய்ப்புக்கு ஒரு வெற்றி அடி; பேஸ்பாலில் அது தேறாத எண். ஆனால் அந்த ஆண்டு கூட்டத்துக்குக் குறைவில்லை. அன்று அவருக்கு மேலாளராக இருந்த டெர்ரி ஃபிராங்கோனாதான், பத்து ஆண்டுகள் கழித்து, மேஜர் லீக் பட்டத்துக்கான பாஸ்டன் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்தவர். பல ஆண்டுகளாகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் தொடர் இங்கே நடந்துவருகிறது. அந்த மே மாத வாரத்தைத் தவிர்த்தால், பயணத்தில் இதற்கென ஒரு நாளை ஒதுக்கத் தேவையில்லை.

ரிக்வுட் வேறு வகை. தொழிலதிபர் ரிக் உட்வர்டு தம் பெயரைச் சுருக்கிச் சூட்டி, 1910 ஆகஸ்ட் 18-இல் திறந்த இந்த அரங்கே அமெரிக்காவில் எஞ்சியுள்ள தொழில்முறைப் பேஸ்பால் அரங்குகளில் மிகப் பழையது. பச்சை வண்ணம் பூசிய கூரையின் மேல், 1936-இல் நிறுவிய விளக்குக் கோபுரங்கள் மைதானத்தை எட்டிப் பார்ப்பதுபோல முன்னோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. வெளிக்கள வேலிக்குப் பின்னால் பழைய கான்கிரீட் சுவர் இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தால்தான், அந்தக் காலத்தில் இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன் அடிப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது புரியும்.

ஆனால் இந்த இடத்தின் கனம் கட்டடக் கலையால் மட்டும் வந்ததன்று. வெள்ளையர் மட்டுமே ஆடிய பாரன்ஸும், கறுப்பர் அணியான பிளாக் பாரன்ஸும் இதே மண்ணில் வெவ்வேறு நாட்களில் ஆடின. பாரன்ஸ் ஆடும் நாளில் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு வலப்பக்க வெளிக்களத்தின் கூரையற்ற பலகைகளே ஒதுக்கப்பட்டன. புகழ்பெற்ற கறுப்பினப் பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜ் இங்கே பந்து வீசினார். பின்னாளில் மேஜர் லீகின் மாபெரும் வீரரான வில்லி மேஸ், 17 வயதில், 1948-இல் பிளாக் பாரன்ஸுக்காக ஆடி, நீக்ரோ லீகின் கடைசி உலகத் தொடரிலும் பங்கேற்றார். இரு இனத்தவரும் சேர்ந்து விளையாடுவதையே நகரச் சட்டம் தடுத்திருந்த சூழலில், 1961-க்குப் பின் பாரன்ஸ் அணியே கலைக்கப்பட்டது. 1964-இல்தான் கலப்பு அணி திரும்பியது. 1967-இல் இங்கே ஆடி, பின்னர் மேஜர் லீக் நட்சத்திரமான கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன், உணவகங்களும் விடுதிகளும் தம்மை நுழையவிடாமல் விரட்டியதை 2024-இல் தொலைக்காட்சி நேரலையில் விவரித்தபோது, ஏக்கத்தோடு பழமையைப் போற்றும் வழக்கமான பேச்சுக்கு அங்கே இடமே இல்லாமல் போயிற்று.

அவர் பேசியது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸும் 2024 ஜூன் 20-இல் ரிக்வுட்டில் மோதிய மேஜர் லீக் ஆட்டத்தின்போது. அதற்கு இரண்டு நாள் முன்பு, இதே மைதானத்தில் பாரன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே வில்லி மேஸ் மறைந்த செய்தி அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்டங்களுக்காக ஆடுதளமும் வீரர்களின் அமர்விடங்களும் புதுப்பிக்கப்பட்டன. பழமையில் இதனால் சிறிது குறைந்தது என்று முறையிடுவோர் உண்டு. ஆட்டமே நடக்காத நினைவுச்சின்னமாக விடுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

வசதி, உணவு, இருக்கை, போக்குவரத்து ஆகிய எல்லாவற்றிலும் ரீஜன்ஸ் முந்துகிறது. ஆயினும் ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால் ரிக்வுட்டையே தேர்ந்தெடுப்பேன், அன்று அங்கே ஆட்டம் இல்லாவிட்டாலும். இரண்டுக்கும் நேரமிருந்தால், பகலில் ரிக்வுட்டும் மாலையில் ரீஜன்ஸும் என்ற வரிசையே சரி. பாரன்ஸ் உள்ளூரில் ஆடும் நாளா என்பதையும், ரிக்வுட் அன்று பார்வையாளர்களுக்குத் திறந்திருக்குமா என்பதையும் முன்பே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.