பினாங்கு பிளாட்டுல சாப்பாட்டு குப்பை தோங்: 19 நாள் பார்த்தது

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய்ட்டு போன வாரந்தான் திரும்பினேன். தண்ணீர்மலைக் கோயில், தேரு, தண்ணீர்ப் பந்தல் பத்தி நெறய பேர் எழுதிட்டீங்க. நான் சொல்ல வந்தது ஆயர் ஈத்தாம் பக்கம் அம்மா இருக்கிற பிளாட்டுக்குக் கீழ வெச்சிருக்கிற பச்சை தோங், அதாவது குப்பைத்தொட்டி பத்தி.

போன தடவ போனப்போதான் அத புதுசா வெச்சிருந்தாங்க. சாப்பாட்டு மிச்சம், காய்கறித் தோலு, மீன் முள்ளு மட்டும் போடணும், திங்கள் புதன் வெள்ளி வந்து எடுத்துட்டுப் போய் மெஷின்ல உரமாக்குவாங்கன்னு மாநகர் மன்றத்துலேர்ந்து நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா நான் இருக்கிற வேல்ஸ்ல எல்லா மன்றமும் வருஷக்கணக்கா இதத்தான் செய்றாங்க, அடுப்படியில ஒரு சின்ன டப்பா, வாரத்துல ஒரு நாள் வாசல்ல வெச்சா எடுத்துட்டுப் போய் காத்துப் புகாத தொட்டியில மக்க வெச்சி அதுல வர்ற கேஸ்ல கரண்ட் எடுக்குறாங்க, மிச்சம் வயலுக்கு உரமா போவுது. இங்கிலாந்துலயும் 2026 மார்ச் 31-க்குள்ள வாராவாரம் எடுக்கணும்னு சட்டம் போட்டாங்க.

இந்தத் தடவ 19 நாள் இருந்தேன், தெனமும் கீழ போய்ப் பார்த்து காலண்டர்ல குறிச்சி வெச்சேன். சாதா குப்பை லோரி ஒரு நாள் கூட தவறல, அதச் சொல்லியே ஆகணும், மழையிலயும் வந்தாங்க, பூசத்தன்னைக்கும் வந்தாங்க. ஆனா பச்சை தோங்க எடுக்க எட்டு தடவ வந்திருக்கணும், வந்தது நாலே தடவ. ஒருக்கா அஞ்சு நாள் அப்படியே கெடந்துச்சி. நம்ம ஊரு சூட்டுக்கு மீன் கொழம்பு மிச்சம் ஒரு நாளுக்கே தாங்காது, அஞ்சு நாள்னா நெனச்சிப் பாருங்க, புழு மூடி மேல ஏறுது, கீழ் வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஜன்னலத் தொறக்கவே இல்ல. வேல்ஸ் குளிருக்கு வாரம் ஒரு தடவ போதும், இங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தே ஆகணும், அதனால நாள் தவறுறது இங்க ரொம்ப பெரிய விஷயம்.

அதவிட மனசு கஷ்டமானது வேற. ஒரு நாள் காலையில சாதா லோரிக்காரத் தம்பி அந்தப் பச்சை தோங்கயும் தூக்கி அதே லோரியில கொட்டுனாரு. ஓடிப்போய் கேட்டேன், “மெஷின் ரிப்பேர்க்கா, தனியா கொண்டு போக எடமில்ல, நாறுதேன்னு நாங்களே எடுத்துட்டோம்”னாரு. அவர் மேல தப்பே இல்ல, அவர் வேலையே இல்லாததச் செஞ்சிருக்காரு. ஆனா மாடியிலேர்ந்து நாலு பேர் பார்த்தாங்க. அன்னையிலேர்ந்து அண்ணி பிரிக்கிறத நிறுத்திட்டாங்க, “எல்லாம் ஒரே லோரி வயித்துக்குத்தானே போவுது, நான் எதுக்கு ரெண்டு பை வெக்கணும்?”னு கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல.

2012-ல நாடு முழுக்க எடுத்த ஆய்வுல வீட்டுக் குப்பையில 44.5 விழுக்காடு சாப்பாட்டுக் கழிவுன்னு வந்துச்சி, ஏறக்குறைய பாதி. பினாங்குல 2016 ஜூன்லேர்ந்தே குப்பையப் பிரிக்கச் சொல்றாங்க, கோலாலம்பூர்ல அதுக்கும் முன்னாடி, 2015 செப்டம்பர்லேர்ந்து. ஆனா ரெண்டு எடத்துலயும் அது பேப்பர், பிளாஸ்டிக், டின்னுக்குத்தான், அடுப்படிக் குப்பை பெரும்பாலும் மத்த குப்பையோடதான் போவுது. ஈரமா போற அதுதான் குப்பைமேட்டுல அழுகி கேஸாவும் கறுப்புத் தண்ணியாவும் மாறுது. நம்ம குப்பை போய்ச் சேர்ற புலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில தீப்பிடிச்சி எரிஞ்சப்போ அது பக்கத்துல நிபோங் திபால்ல இருக்கிற சித்தி நாள்கணக்கா கதவச் சாத்திட்டு ஈரத்துணிய மூக்குல வெச்சிட்டு இருந்தாங்க. தீவுல நாம தூக்கிப் போடுறது கடல் தாண்டி அவங்க வாசல்ல போய் நிக்குது.

முடியாத வேலையும் இல்ல இது. ஜூருவுல தாமான் பெலாங்கி அடுக்குமாடிக்காரங்க தங்களோட சாப்பாட்டுக் கழிவ அங்கயே உரமாக்குறாங்க, பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் வீட்டு உரம் பத்தி ரொம்ப வருஷமா சொல்லிக் குடுத்துட்டு வருது. அட, சின்ன வயசுல எங்க பாட்டி வீட்டுப் பின்வாசல்ல கழனித்தண்ணி வாளி இருக்கும்ல, மாடு வெச்சிருந்த பால்காரத் தாத்தா தெனம் வந்து எடுத்துட்டுப் போவாரு, ஒரு நாளும் தவற மாட்டாரு, அதனாலதான் பாட்டியும் ஒரு நாள் கூட பிளாஸ்டிக்கையோ பேப்பரையோ அதுல போட்டதில்ல.

கெளம்புறதுக்கு முன்னாடி குடியிருப்பாளர் சங்கத்துல பேசி ஒரு மனு எழுதிக் குடுத்தோம், என் காலண்டர் கணக்கயும் சேர்த்து. மூணே விஷயம் கேட்டிருக்கோம்: மெஷின் ரிப்பேர்னா கொண்டு போக இன்னொரு எடம் வேணும், வராத நாள முன்கூட்டியே சொல்லணும், தோங்க வாராவாரம் கழுவணும். 27 வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க, கடைசியா போட்டது அண்ணி. பதில் வந்ததும் இங்கயே சொல்றேன், உங்க பிளாட்டுலயும் இந்த மாதிரி தோங் இருந்தா எத்தன நாளுக்கு ஒருக்கா வந்து எடுக்குறாங்கன்னு எழுதுங்க.