தூணடி மண்ணரிப்பு: கல் கொட்டுவதா, பைலை ஆழமாக இறக்குவதா?

எங்கள் மணல் ஆற்றில் கட்டும் பாலத்துக்கு 1.5 மீட்டர் விட்டத்தில் உருண்டைத் தூண்கள். அடித்தளத்தின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு தூணைச் சுற்றிலும் கருங்கல் கொட்டலாம் என்றார்கள் சிலர். பைலை, அதாவது மண்ணுக்குள் போகும் கான்கிரீட் அடித்தளத் தூணை, ஆழமாக இறக்க வேண்டும் என்று நான் நின்றேன். கடைசியில் பைல்தான் போட்டோம்.

தூணில் மோதும் நீரில் ஒரு பகுதி தூணை ஒட்டியபடியே கீழே பாயும். அது அடிமணலைக் குடைந்து, குதிரை லாட வடிவில் சுழன்று இருபுறமும் மணலை அள்ளிக்கொண்டு போகும். நீரோட்டத்தை எதிர்கொள்ளும் முன்பக்கத்தில்தான் குழி மிக ஆழம். உருண்டைத் தூணுக்குப் பொதுவாக விட்டத்தைப் போல 2.4 மடங்கு வரை கணக்கில் வைப்பார்கள். எங்கள் தூணுக்கு 3.6 மீட்டர். வெள்ளத்தில் ஆற்றுப்படுகை மொத்தமாக இறங்குவதை இதோடு தனியாகக் கூட்ட வேண்டும்.

செலவில் கல்தான் மலிவு, அதில் பேச்சே இல்லை. என்னைத் தயங்க வைத்தது பராமரிப்பு. வெள்ளத்தில் கல்லிடுக்கு மணல் உறிஞ்சப்பட்டுக் கற்கள் புதையும், ஓரக்கற்கள் உருண்டு போகும். வெள்ளம் வடியும்போதோ மணல் வந்து குழியை மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் தரை சமமாகத்தான் இருக்கும். கம்பியை ஊன்றினால் அந்தப் புது மணலில் சரசரவென இறங்கும், அப்போதுதான் குழி இருந்ததே தெரியும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒருவர் வந்து இப்படிச் சோதித்து, போன கல்லுக்கு ஈடாகக் கல் போட வேண்டும். 40, 50 வருடத்துக்கு அதை யார் செய்வார்கள்?

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலத்துக்கு ஆழமில்லாத அடித்தளம், சுற்றிலும் கல். 1955 வெள்ளத்தை அது தாங்கியது. அடித்துப்போன கற்களைப் பிறகு சரியாக ஈடுசெய்யவில்லை. 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் தூண் சரிந்து 10 பேர் இறந்தார்கள். கல் பராமரிப்பில் இருந்த குறையைத்தான் விசாரணையும் சுட்டிக்காட்டியது.

பைலுக்கு ரிக் (பைல் இறக்கும் இயந்திரம்) கொண்டுவரும் செலவு அதிகம்தான். ஆனால் மணல் போனபின் பிடிப்பில்லாமல் நிற்கும் நீளத்தை முன்பே கணக்கிட்டு, அதற்கேற்பப் பைலுக்குள் கம்பி கட்டிவிடலாம். பைல்களின் தலையை இணைத்துத் தூணைத் தாங்கும் பைல் கேப்பை மட்டும் முடிந்தவரை தாழ்த்துங்கள். அது வெளியே தெரிந்தால் தூணைவிட அகலமான தடையாகிக் குழியைப் பெருக்கும்.

தூணைச் சுற்றிப் படுகை மட்டத்தில் வட்டத்தகடு பொருத்துவது மூன்றாவது வழி. கீழே பாயும் நீரை அது தடுப்பதை ஆய்வகத் தொட்டியில் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்தது. மரமும் குப்பையும் அடித்துவரும் ஆற்றில் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

ஏற்கெனவே நிற்கும் பாலம் என்றால் கல்லைத்தான் நானும் சொல்வேன். தூணிலிருந்து எல்லாப் பக்கமும் தூண் அகலத்தின் 2 மடங்காவது பரப்ப வேண்டும். கல் அடுக்கின் தடிமன் சராசரிக் கல் அளவின் 3 மடங்கு. அடியில் நீரை விட்டு மணலைப் பிடித்துவைக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. மேல்மட்டம் படுகையோடு சமமாக இருக்கட்டும், மேடாகக் குவித்தால் அந்த மேடே நீரைத் தடுத்து அரிப்பைக் கூட்டும்.