ஒரே நாளில் தியேட்டரும் வீடும்: சோடர்பெர்க் வழியா, வீட்லி வழியா?

சின்ன பட்ஜெட் படத்தைத் தியேட்டரிலும் வீட்டிலும் ஒரே நேரத்தில் விட்டுப் பார்த்தவர்களில் இரண்டு பேரின் கணக்கு சுவாரஸ்யமானது. ஒருவருடையதைத் தோல்வி என்றார்கள், மற்றவருடையதை வெற்றி என்றார்கள். ஒரு தியேட்டருக்கு எவ்வளவு என்று கல்லாவை எண்ணிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அமெரிக்க இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்கின் 'பபிள்' 2006 ஜனவரி 27 அன்று தியேட்டரிலும் ஹெச்டிநெட் கேபிள் சேனலிலும் வந்தது. நான்கே நாளில் டிவிடி. பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சிலரின் கதை. அச்சிலிருந்து பொம்மைத் தலையை உருவி, கண்ணைப் பொருத்தி, கன்னத்தில் சாயம் அடிப்பதை நிதானமாகக் காட்டுவார். நடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், நாயகி நிஜத்தில் ஒரு கேஎஃப்சி கடையின் மேலாளர். மொத்தச் செலவு சுமார் 16 லட்சம் டாலர்.

இத்தனை சாதுவான படத்துக்குத்தான் அமெரிக்காவின் பெரிய தியேட்டர் நிறுவனங்கள் கதவைச் சாத்தின. இந்த வெளியீட்டு முறையையே தியேட்டர் உரிமையாளர் சங்கம் கடுமையாகச் சாடியது. நம் மாஹேயில் பிறந்த ஹாலிவுட் இயக்குநர் ஷியாமளனும் எதிர்த்துப் பேசினார். எனக்கென்னவோ, அவர்களை உறுத்தியது படத்தின் முதலாளிகள்தான் என்று தோன்றுகிறது. மார்க் கியூபனும் டாட் வாக்னரும் தயாரிப்பு, விநியோகம், கேபிள் சேனல், லேண்ட்மார்க் தியேட்டர்கள் என எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தார்கள். எதிர்க்கடைக்காரன் சரக்கை யார் தன் கடையில் அடுக்குவார்? கடைசியில் 32 தியேட்டர், முதல் வார இறுதியில் சுமார் 70,000 டாலர். தியேட்டருக்கு 2,200 வருகிறது.

பிரிட்டிஷ் இயக்குநர் பென் வீட்லியின் 'எ ஃபீல்ட் இன் இங்கிலாந்து' இன்னும் ஒரு படி மேலே போனது. 2013 ஜூலை 5 அன்று தியேட்டர், டிவிடி, இணையம் மூன்றிலும் வந்தது; அன்று இரவே ஃபிலிம்4 டிவி சேனலில் இலவசமாகவும் போட்டார்கள்! பன்னிரண்டு நாளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 17 தியேட்டரில் முதல் வார இறுதிக்கு 21,000 பவுண்டு சொச்சம். தியேட்டருக்கு 1,250 பவுண்டு, அன்றைய மாற்று மதிப்பில் 1,900 டாலருக்குள். அதாவது 'பபிள்' ஒரு படி கூடவே வசூலித்திருக்கிறது.

ஆனால் அன்றிரவு டிவியில் வீட்லியின் படத்தைச் சராசரியாக 3,67,000 பேர் பார்த்தார்கள். தியேட்டருக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் ஓசியில் பார்க்கலாம் என்பது தெரியும். தெரிந்தேதான் டிக்கெட் வாங்கினார்கள். கயிறு கட்டிய ஒருவன் கூடாரத்திலிருந்து இளித்தபடி ஸ்லோ மோஷனில் வெளியே வரும் காட்சியைப் பெரிய திரையில் பார்த்தால் அதன் காரணம் புரியும்.

சின்னப் படத்துக்கு என் ஓட்டு வீட்லிக்குத்தான். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. படத்துக்குப் பணம் போட்டது அந்தச் சேனல் தரப்பே; வெளியீட்டுக்குப் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் உதவியது. டிக்கெட்டை நம்பி யாரும் கடன் வாங்கியிருக்கவில்லை.

அதே 2013 ஜனவரியில் நம் ஊரில் கமல், 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் ஆயிரம் ரூபாய்க்குக் காட்டப் பார்த்தார். கைக்காசு போட்ட சொந்தத் தயாரிப்பு, அதுவும் பெரிய பட்ஜெட். தியேட்டர்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். தியேட்டருக்குத்தான் முதலில் என்று அவர் இறங்கிவர வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் இலவசமாகவே காட்டியும் 17 தியேட்டர்காரர்கள் சரி என்றார்கள். அந்தப் படத்தை நம்பி அவர்களில் யாரும் கடை திறக்கவில்லை.