கைப்பை மாட்ட ஒரு கொக்கி இல்லை

கன்னியாகுமரியில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைப் பார்த்துவிட்டு, தக்கலைக்குத் திரும்பும் வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்தினோம். தோசையும் ரசவடையும் அருமை. கழிப்பறைக்குப் போன பிறகுதான் மனம் நொந்தது.

என் அம்மைக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. சுவரோடு ஒட்டி நின்றால்தான் அதைச் சாத்தவே முடியும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து எப்படித் தள்ளித் திறப்பது? தாழ்ப்பாள் துளைக்கு அரை இஞ்சு கீழே நிற்கிறது, கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் விழும். பை மாட்டக் கொக்கி இல்லை, தரை முழுக்க ஈரம். எழுந்திருக்கக் கைப்பிடி இல்லாததால் அம்மை தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். அது ஆடியதும் எனக்கு உயிரே போய்விட்டது.

வெளியே கை கழுவ அமுக்குக் குழாய். கையை எடுத்ததும் தண்ணீர் நின்றுவிடும். ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையை எப்படித் தேய்த்துக் கழுவுவது?

கல்லாவில் சொன்னேன். "சரி, பார்க்கிறோம்" என்றார்கள். ஒரு கைப்பிடியும் கொக்கியும் மாட்டக் கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான்.

சாப்பாட்டுக்கு நான்கு நட்சத்திரம். கழிப்பறைக்கு ஒன்று, அதுவும் ஓயாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவுக்காக.