இலை குடிக்கும் தண்ணீர்: எந்த மாடலின் கணக்கை நம்பலாம்?

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போனால் ஆற்றில் தண்ணீர் கூடுமா, குறையுமா? 2006-ல் நிகோலா கெட்னியின் குழு, கூடும் என்ற பக்கம் சாய்ந்தது. கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட இலைத்துளைகள் சுருங்குகின்றன, செடி விடும் நீராவி குறைகிறது, மிச்சமான நீர் மண்ணில் தங்கி ஆற்றுக்கு வருகிறது. 20-ஆம் நூற்றாண்டில் கண்டங்களின் ஆற்று ஓட்டம் கூடியதில் இதற்குப் பங்கு உண்டு என்றார்கள். அடுத்த வருடமே ஷிலாங் பியாவின் குழு, மழை, மண், செடி, ஆறு இவற்றின் நீரைக் கணக்கிடும் வேறொரு கணினி மாடலை ஓட்டி மறுத்தது. துளை சுருங்குவது உண்மைதான், ஆனால் அதே கார்பன் டை ஆக்சைடை உண்டு இலைகளும் பெருகுகின்றன. மிச்சமானதை அந்தப் புது இலைகள் குடித்துவிடுகின்றன. ஓட்டம் மாறியதற்கு மழையையும் நிலப்பயன்பாட்டையும் பாருங்கள் என்றது அந்தக் குழு.

இரு தரப்பிலும் கூட்டல் கழித்தல் தவறு இல்லை. முதல் கணக்கில் துளை சுருங்குவது மட்டும் இருந்தது, இரண்டாவதில் இலை பெருகுவதும் சேர்ந்தது, அவ்வளவுதான். அதனால் இந்தத் துறையில் மாடல்களை ஒப்பிடும்போது எது துல்லியம், எது வேகம் என்று நான் தொடங்குவதில்லை. இந்த மாடலுக்கு இலை என்றால் என்ன? அதை முதலில் கேட்பேன்.

மாடல்களுக்குள் போகும் முன், வயல்வெளியில் அளந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். திறந்தவெளியில் குழாய்கள் நட்டு, கார்பன் டை ஆக்சைடை ஊதி, வருடக்கணக்கில் செடிகளைக் கவனித்த பரிசோதனைகள் உண்டு. தொகுத்துப் பார்த்தால் இலைத்துளைகளின் கடத்துதிறன், அதாவது துளை வழியே நீராவி எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பது, சராசரியாக 20 சதவீதத்தை ஒட்டிக் குறைகிறது. வளர்ச்சியும் கூடுகிறது, ஆனால் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் பரிசோதனைக் காட்டில் 2001–03-ல் 24 சதவீதமாக இருந்த கூடுதல் வளர்ச்சி 2008-ல் 9 சதவீதமாக இறங்கியது. மண்ணில் நைட்ரஜன் தட்டுப்பட்டுவிட்டது. சிட்னிக்கு அருகே யூகலிப்டஸ் காட்டில் பாஸ்பரஸ் போதாமல் மரங்கள் கூடுதலாக வளரவே இல்லை. இதற்கு மேல் வெப்பம் வேறு. 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. மழை வந்து அந்தப் பசியை ஆற்றாவிட்டால் காற்று இலையிடமிருந்து உறிஞ்சும். ஆக நீரைச் சேமிக்கும் ஒரு கையும் செலவழிக்கும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன.

புடிகோ: ஒரு தாளில் முடிகிற கணக்கு

சோவியத் காலநிலை விஞ்ஞானி மிகைல் புடிகோவின் யோசனை எளிது. ஒரு வடிநிலத்தில் (ஓர் ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வரும் நிலப்பரப்பில்) நீண்டகால ஆவியாதலை இரண்டே விஷயங்கள் கட்டுப்படுத்துகின்றன: வரும் மழை, ஆவியாக்க இருக்கும் ஆற்றல். 2001-ல் லூ ஜாங் முதலானோர் இதில் தாவரத்துக்கு ஒற்றை எண்ணைச் சேர்த்தார்கள். காட்டுக்கு 2, புல்வெளிக்கு 0.5.

போட்டுப் பார்க்கலாம். ஆண்டு மழை 1,000 மி.மீ., ஆவியாகும் திறன் (நீர் தட்டாமல் கிடைத்தால் ஆவியாகக்கூடிய அளவு) 1,400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புல்வெளியில் 704 மி.மீ. ஆவியாகி 296 மி.மீ. ஓடைக்கு வருகிறது. அதே இடம் காடாக இருந்தால் வருவது 158 மி.மீ. மட்டும். இப்போது மழையை 10 சதவீதம் குறையுங்கள். காட்டின் ஓட்டம் 122-க்கு இறங்குகிறது, அதாவது 23 சதவீத வீழ்ச்சி. மழையின் சிறிய சரிவு ஆற்றில் இரட்டிப்பாகத் தெரிவதை இவ்வளவு சீக்கிரம் காட்டும் கருவி வேறில்லை. காடு கூடுதலாகக் குடிக்கும் என்பதும் வெறும் சூத்திர விளையாட்டு அல்ல. வட கரோலினாவின் கோவீட்டாவில் இலையுதிர் மரங்கள் இருந்த சிறு வடிநிலங்களை ஆண்டு முழுக்க இலை தாங்கும் வெள்ளைப் பைனாக மாற்றினார்கள். 15 ஆண்டுகள் கழித்து ஓட்டம் எதிர்பார்த்ததைவிட சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் அந்த 2-ம் 0.5-ம் எதிர்காலத்திலும் அப்படியே இருக்குமா? துளை சுருங்கினால் அந்த எண் மாற வேண்டும், எவ்வளவு என்று புடிகோ சொல்லாது. மாத ஓட்டமும் தெரியாது. எந்தப் பெரிய மாடலை ஓட்டினாலும் முதலில் இதைப் போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். பெரிய மாடலின் விடை இதிலிருந்து வெகுதூரம் விலகினால் ஏன் என்று தோண்ட ஒரு காரணம் கிடைக்கும்.

விக்: இலைக்கு ஒரு நாட்காட்டி

விக் மாடல் 1994-ல் சூ லியாங், டென்னிஸ் லெட்டன்மையர் முதலானோர் தந்தது. நிலத்தைக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் நீர், வெப்பம் இரண்டின் வரவுசெலவையும் பார்க்கும். பனிக்கும் மண் ஈரத்துக்கும் நல்ல பெயர். ஆனால் அதன் வழக்கமான அமைப்பில் இலைப்பரப்பு நாம் கொடுக்கும் மாதாந்திர எண். 2090-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் இலை பழைய ஏப்ரல் மாதிரியே இருக்கும். வறட்சியில் கருகாது, வெப்பத்தில் முந்தித் துளிர்க்காது. பனி உருகும் காலம் எப்படி நகரும் என்பது உங்கள் கேள்வியானால் இது தாராளமாகப் போதும். தாவர வளர்ச்சியைப் பற்றியது என்றால் இந்த மாடலிடம் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

ஸ்வாட்: எல்லோரும் ஓட்டுவது, கவனமாக ஓட்ட வேண்டியது

அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஜெஃப் ஆர்னால்டு முதலானோர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஸ்வாட், உலகம் முழுக்க வடிநில ஆய்வுகளில் புழங்குகிறது. இலவசம், கையேடு உண்டு, மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் உண்டு. மண், சரிவு, பயிர் மூன்றும் ஒத்த துண்டுகளாக நிலத்தைப் பிரித்து, உரம், பாசனம், அறுவடை வரை உள்ளே கொண்டுவரலாம். ஒரு அணைக்கு மேலே உள்ள விவசாய நிலத்துக்கு இதைவிட வசதியானது குறைவு.

இதில் செடி வெப்பத்தை எண்ணி வளர்கிறது. மக்காச்சோளத்தின் அடிப்படை வெப்பநிலை 8 டிகிரி. அன்றைய சராசரி 28 என்றால் கணக்கில் 20 அலகு ஏறும். முதிர 1,600 அலகு வேண்டும் என்று வைத்தால் 80 நாள். பூமி 2 டிகிரி சூடானால் தினம் 22 அலகு, 73 நாளில் பயிர் முடிந்துவிடும். ஒரு வாரம் முன்னதாக அறுவடை, அதனால் நீர்த்தேவை குறைவு! இதை அப்படியே அறிக்கையில் எழுதி, காலநிலை மாற்றத்தால் பாசனத்தில் மிச்சம் என்று முடிப்பவர்கள் உண்டு. விவசாயி நீண்டகால ரகத்துக்கு மாறினாலோ அந்த இடைவெளியில் இன்னொரு பயிர் போட்டாலோ அந்த மிச்சம் காணாமல் போகும் என்பது மாடலுக்குத் தெரியாது.

அடுத்து கார்பன் டை ஆக்சைடு. ஸ்வாட்டின் மூலக் கணக்கில் 330 பிபிஎம்-மில் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இலைத்துளைக் கடத்துதிறன் முழுசு, 660-ல் 40 சதவீதம் குறைவு, இடையில் நேர்கோடு. இன்றைய சுமார் 420-க்கு அந்தக் கோடு 11 சதவீதக் குறைவைத் தருகிறது, பரவாயில்லை. பிரச்சினை கோட்டை நீட்டும்போதுதான். உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் என்று வைத்துப் போட்ட கணிப்பில் 2100-ல் அளவு 1,100 பிபிஎம்-மைத் தாண்டுகிறது. அங்கே இந்தச் சூத்திரத்தின்படி இலைத்துளை ஏறக்குறைய முழுதாக மூடிவிடும், 1,155-ல் சரியாகச் சுழி. மூச்சே விடாத காடு! அந்தக் கோடு 660 வரைக்குமானது என்று கையேட்டில் இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்.

இன்னொரு பொறி: ஆவியாதலைக் கணக்கிட ஸ்வாட் மூன்று முறைகளைத் தருகிறது. அவற்றில் பென்மன்-மான்டீத் என்ற முறையைத் தேர்ந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு நீராவிப்போக்கைத் தொடும். தரவு போதவில்லை என்று, வெப்பநிலையை மட்டும் கேட்கும் ஹார்கிரீவ்ஸ் முறைக்குப் போனால், நீங்கள் கொடுத்த பிபிஎம் எண் செடியின் தாகத்தை ஒன்றும் செய்யாது. வெப்பம் ஏற ஆவியாதல் ஏறிக்கொண்டே போகும், விடை தேவைக்கு மேல் வறண்டதாக வரும்.

வெப்பமண்டலக் காடுகளில் வேறு தலைவலி. மூல ஸ்வாட் செடியின் உறக்கத்தைப் பகல் நீளத்தோடு கட்டிவைத்திருக்கிறது. குளிர்நாட்டுக்குச் சரி. மழையைப் பார்த்துத் துளிர்க்கும் மரத்துக்கு? நான் ஒருமுறை ஓட்டியபோது ஆற்று ஓட்டம் அளந்ததோடு அழகாகப் பொருந்தியது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் இலைப்பரப்பு வரைபடத்தைத் திறந்தால், நல்ல ஈரமான மாதத்தில் காடு மொட்டையாக நிற்கிறது. மண்ணுக்கு நாம் சரிசெய்து கொடுத்த எண்கள் அந்தத் தவறை மறைத்து ஓட்டத்தைச் சரிக்கட்டியிருந்தன. மண் ஈரம் ஏறுவதைப் பார்த்துத் துளிர்க்கும்படி திருத்திய வெப்பமண்டல வடிவம் 2017-ல் வெளியானது. அந்த நிலப்பகுதிகளில் வேலை செய்பவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும்.

எல்பிஜே-எம்எல்: உண்மையிலேயே வளரும் செடி

லண்ட், பாட்ஸ்டாம், ஜேனா என்ற மூன்று ஊர்ப் பெயர்களில் பிறந்த எல்பிஜே மாடலின் அடிப்படைக் கட்டுரை 2003-ல் வந்தது. 2007-ல் பயிர்கள் சேர்ந்து எல்பிஜே-எம்எல் ஆனது. இதில் ஒளிச்சேர்க்கையின் வேதியியல் உள்ளே இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் துளை சுருங்குவதும் இலை பெருகுவதும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. நெல், கோதுமை வகைக்கும் மக்காச்சோளம், கரும்பு வகைக்கும் பதில் வேறாக வருகிறது, வரவும் வேண்டும். மரவகைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இடம் மாறவும் செய்யும். தொடக்கத்தில் கெட்னிக்கும் பியாவுக்கும் இடையே பார்த்த வழக்கை ஒரே மாடலுக்குள் விசாரிக்கலாம்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு 2014-ல் வந்த ஒரு பன்மாடல் வறட்சி ஆய்வு நல்ல சாட்சி. உலகளாவிய ஏழு மாடல்களை ஓட்டினார்கள். செடி கார்பன் டை ஆக்சைடுக்குக் காட்டும் எதிர்வினையைச் சேர்த்திருந்த ஒரே மாடல், ஜூல்ஸ், வறட்சி பெரிதாகக் கூடவில்லை என்றது. மற்றவை கூடுகிறது என்றன. ஜூல்ஸ் சொன்னது சரி என்று நான் வாதாடவில்லை; நைட்ரஜனும் பாஸ்பரஸும் தடுக்கும் இடங்களில் கார்பன் டை ஆக்சைடின் பலனை இந்த வகை மாடல்கள் கூட்டிச் சொல்ல வாய்ப்புண்டு. எல்பிஜே-எம்எல்லில் நைட்ரஜன் வந்ததே 2018-ன் ஐந்தாம் பதிப்பில்தான்.

அப்புறம் அளவு. வழக்கமான கட்டம் அரை டிகிரி, நிலநடுக்கோட்டில் சுமார் 55 கி.மீ. பக்கம். ஒரு சிறு அணையின் வடிநிலம் முழுதும் ஒரு கட்டத்துக்குள் தொலைந்துபோகும். நிலத்தடி நீரைப் பட்டும் படாமலும்தான் தொடுகிறது. மண்ணின் கார்பன் சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான மாடல் ஆண்டுகள் ஓட்டிவிட்டுத்தான் உங்கள் கேள்விக்கே வர முடியும். மலைச்சரிவு அளவில் உயிருள்ள இலை வேண்டும் என்பவர்கள் ரெஸ்ஸிஸ் போன்ற இடைநிலை மாடலைப் பார்க்கலாம். தரவுப் பசி கொஞ்சம் அதிகம்.

எல்எஸ்டிஎம்: தேர்வில் முதலிடம், பாடத்திட்டத்துக்கு உள்ளே மட்டும்

பழைய தரவிலிருந்து தானே கற்கும், நினைவுத்திறன் கொண்ட இந்தச் செயற்கை நரம்புவலை 1997-ல் வந்தது. நீரியலில் கிராட்செர்ட் குழுவால் பிரபலமானது. 2019-ல் அமெரிக்காவின் 531 வடிநிலங்களை ஒன்றாகப் படிக்க வைத்தபோது, ஒவ்வொரு வடிநிலத்துக்கும் தனித்தனியாகக் காலிபிரேட் செய்த (அளந்த ஓட்டத்தோடு பொருந்தும்படி எண்களைச் சரிசெய்த) பழைய மாடல்களை அது முந்தியது. நாளைய வெள்ளத்துக்கு இதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே வேண்டாம்.

2080-க்கு எடுக்க மாட்டேன். ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் 1958-ல் 315 பிபிஎம் அருகே தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது, ஏறக்குறைய ஒரே சீரான ஏற்றம். அதே காலத்தில் அணைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் ஏறின. இவற்றில் எது ஆற்றை என்ன செய்தது என்று பிரித்தறிய அந்த வலைக்குத் துப்பே இல்லை. வெப்பநிலையை 4 டிகிரி உயர்த்திக் கொடுத்தால் அது பதில் சொல்லும், தயங்காமல் சொல்லும். வெப்பமான நாள் என்றால் வெயில் அதிகமான நாள் என்று பழைய தரவில் கற்றதை வைத்துச் சொல்லும்.

சரி, பழைய தரவில் பொருந்துவது போதாது என்றால் எப்படிச் சோதிப்பது? நீரியலாளர் வித் கிளெமெஷ் 1986-லேயே வழி சொன்னார்: ஈரமான ஆண்டுகளில் காலிபிரேட் செய்து வறண்ட ஆண்டுகளில் சோதியுங்கள், திருப்பியும் செய்யுங்கள். இது ஏட்டு யோசனையாக நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியின்போது பல வடிநிலங்களில் மழை–ஓட்ட உறவே மாறிப்போய், மாடல்கள் சொன்னதைவிட ஓட்டம் அதிகமாகச் சரிந்தது. அந்தப் பகுதித் தரவைப் பழகுகளமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வடிநிலம், விவசாயம், அடுத்த 30 ஆண்டு என்றால் நான் ஸ்வாட்டையே எடுப்பேன், பென்மன்-மான்டீத்தோடு, 660-க்கு மேல் போகாமல். ஒரு கண்டம், நூற்றாண்டின் கடைசி, காடு எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்றால் எல்பிஜே-எம்எல் வகை. மரம் நடும் திட்டம் ஒன்றுக்கு நீர் தாங்குமா என்று பார்க்கவும் வளரும் இலை உள்ள மாடல்தான் வேண்டும். சீனாவின் லோயஸ் பீடபூமியில் 1999-க்குப் பிறகு நட்ட பசுமை அந்த நிலத்தின் நீர் எல்லையை நெருங்கிவிட்டது என்று 2016-ல் ஒரு ஆய்வு எச்சரித்தது, நாட்காட்டி இலையை வைத்து அதைக் கண்டிருக்க முடியாது.

எதை எடுத்தாலும் இரண்டு முறை ஓட்டுங்கள். ஒரு ஓட்டத்தில் காலநிலை மட்டும் மாறட்டும், கார்பன் டை ஆக்சைடு இன்றைய அளவில் உறைந்திருக்கட்டும். அடுத்ததில் இரண்டும் மாறட்டும். இரண்டு விடைகளும் ஒன்றாகவே வந்தால் உங்கள் மாடலில் இலை வேலை செய்யவில்லை, எங்கோ ஒரு பொத்தான் அணைந்திருக்கிறது. பெரிதாக விலகினால் அந்த விலகலை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள், ஓட்ட வரைபடத்துக்குப் பக்கத்திலேயே இலைப்பரப்பு வரைபடத்தையும்.