நான்கைந்து நாள் தீவு விடுமுறை: அறுபதைத் தாண்டியவர்களுக்கு மதீராவா, மால்டாவா, மாலத்தீவா?

வயதான பயணிகளுக்கென்று எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலும் நாற்காலியும் நிழலும்தான் இருக்கும். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பவரும், கடலைக் கண்டால் இறங்கி நீந்துபவரும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த அலசல் அவர்களுக்காக. உடம்பு ஓடியாடுகிறது, ஆனால் இன்று ஏறிய ஏற்றத்துக்கு நாளை முழங்கால் கணக்குக் கேட்கும். கையில் இருப்பதோ நான்கைந்து நாள்.

இவ்வளவு குறுகிய பயணத்தில் தீவின் அழகை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்க வேண்டியது, விமானம் இறங்கிய பிறகு அறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. அடுத்தது, காலையில் கிளம்பிய நடையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வழி உண்டா என்பது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டாவது கேள்வியே தோன்றாது. நமக்கோ ஒரு நாள் நன்றாகப் போவதும் வீணாவதும் அதில்தான் இருக்கிறது.

நடப்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் மதீரா. போர்ச்சுகலைச் சேர்ந்த இந்த அட்லாண்டிக் தீவு முழுக்க எரிமலைப் பாறை. உச்சி பிக்கோ ருய்வோ, 1,862 மீட்டர். இதன் சிறப்பு லெவாடாக்கள். மழை கொட்டும் வடக்கிலிருந்து வறண்ட தெற்குக்குத் தண்ணீர் கொண்டுபோக, 15ஆம் நூற்றாண்டிலிருந்தே மலையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால்கள் இவை. மொத்த நீளம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். தண்ணீர் நிதானமாக ஓட வேண்டும் என்பதால் சரிவு மிகக் குறைவு; வாய்க்காலை ஒட்டிய பாதையும் ஏறக்குறையச் சமதளம்தான். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த லாரல் காட்டுக்குள் அரை நாள் நடந்தாலும் பெரிதாக மூச்சு வாங்காது.

இதை வைத்தே பலர் மதீராவை ‘வயதானவர்களுக்கு உகந்தது’ என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பல லெவாடாக்களில் பாதை ஓராள் அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எதிரே ஒரு குழு வந்தால் யாராவது ஒதுங்கி நின்றாக வேண்டும். கல்தேய்ரான் வெர்தே போன்ற வழிகளில் சுரங்கங்கள் வரும். உள்ளே இருட்டு, தரை ஈரம், டார்ச் இல்லாமல் முடியாது. இங்கே சோதனை மூச்சுக்கு இல்லை, சமநிலைக்கு. அது வயதோடு குறைவதை நாம் கவனிப்பதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க முயன்று பாருங்கள், புரியும். கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் உள்ள கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: குனிந்து பார்த்தால் கால் வைக்கும் இடமே மங்கலாகத் தெரியும். நடக்கும்போது தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக வேண்டும்.

உச்சியைப் பார்க்க ஆசையிருந்தால், பிக்கோ தோ அரியேய்ரோவிலிருந்து ருய்வோவுக்குப் போகும் பேர்பெற்ற பாதையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அது படிக்கட்டுகளின் திருவிழா. இறங்கும் ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தாங்கிப் பிடிப்பது தொடையும் முழங்காலும்தான். அஷாதா தோ தெய்ஷேய்ராவில் தொடங்கினால் அதே உச்சி மூன்று கிலோமீட்டருக்குள், கல் பாவிய வழியில் வந்துவிடும். காட்சியில் குறைவில்லை. நடைக்கோலை மட்டும் மறக்க வேண்டாம்.

மதீராவின் பெரிய சிக்கல் காற்று. விமான நிலையம் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. ஓடுபாதையின் ஒரு பகுதி தூண்களின் மேல் நிற்கிறது. காற்று வரம்பை மீறினால் விமானங்கள் காத்திருக்கும், பக்கத்துத் தீவான போர்ட்டோ சான்ட்டோவுக்கோ வேறெங்கோ திருப்பிவிடப்படும். ஏழு நாள் பயணத்தில் இதைச் சமாளிக்கலாம். நான்கு நாளில் ஒரு நாள் போனால் கால்வாசி போச்சு.

மாலத்தீவு நேர் எதிர். 1,192 பவளத் தீவுகள், ஏறக்குறைய எல்லாமே கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம். முழங்காலுக்கு இதைவிட ஓய்வு கிடையாது. ஆனால் பல ரிசார்ட் தீவுகளைக் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். நடப்பவருக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். இங்கே உண்மையான நடை தண்ணீருக்குள். ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும் கடல், கரையிலிருந்தே நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை. அதனால் இடம் பார்க்கும்போது அறையின் படத்தைவிட, அந்தத் தீவுக்குக் கரையோரப் பவளப்பாறை உண்டா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சில தீவுகளில் ஆழமற்ற மணல் குடா மட்டுமே இருக்கும். ஸ்நார்க்கலிங்குக்கு, அதாவது மூச்சுக்குழாயோடு மிதந்தபடி பவளத்தைப் பார்க்க, தினமும் படகேற வேண்டியிருக்கும்.

ஸ்கூபா டைவிங் செய்பவர்களுக்கு நான்கு நாள் கணக்கு இன்னும் இறுக்கம். டைவிங் மையங்கள் நிரப்பச் சொல்லும் பொதுவான மருத்துவப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கேள்விகள் உண்டு. பதிலைப் பொறுத்து மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. பல முறை மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டல். ஆக, கடைசி நாள் கடலுக்கு இல்லை. முதல் நாளும் சந்தேகம்தான்: தொலைவிலுள்ள தீவுகளுக்குப் போகும் கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும், மாலையில் தலைநகர் மாலே வந்து இறங்கினால் இரவு அங்கேயே. விரைவுப் படகில் போகக்கூடிய அருகிலுள்ள தீவைத் தேர்ந்தெடுத்தால் இந்த இழப்பு இல்லை. இரவில் நெஞ்சு வலி வந்தால் எப்படி மாலே போய்ச் சேர்வது என்ற கேள்விக்கும் அதுவே நல்ல பதில்.

மால்டாவைப் பற்றிச் சொல்ல அவ்வளவு நாடகம் இல்லை, அதுவே அதன் பலம். இந்த மத்தியதரைக் கடல் நாட்டில் மக்கள் வாழும் மூன்று தீவுகளும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் தலைநகர் வலேட்டா. இறங்கிய அன்று மாலையே கோட்டைச் சுவரில் நடக்கலாம். துறைமுகத்துக்கும் மேலே உள்ள தோட்டத்துக்கும் இடையே 58 மீட்டர் உயர மின்தூக்கி இருக்கிறது. இறங்குவது காலால், ஏறுவது தூக்கியில், அல்லது முழங்காலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். விக்டோரியா லைன்ஸ் என்னும் 12 கிலோமீட்டர் அரணை ஒட்டி நடப்பவர், களைத்தால் வழியில் ஏதாவது ஒரு சாலைக்கு இறங்கிப் பேருந்து பிடித்துவிடலாம். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் மற்ற இரண்டிலும் கிடைக்கவில்லை. கோசோ தீவுக்குப் படகில் 25 நிமிடம். அங்குள்ள ஜிகன்டீயா கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவை. ஹல் சஃப்லீனி நிலத்தடிக் கல்லறைக்கு நாளொன்றுக்கு 80 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால், விமானச் சீட்டுக்கு முன்பே அதைப் பதிவு செய்தாலும் தப்பில்லை.

குறை இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்கல் படிகள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. மழை பெய்தால் சறுக்கும். மணற்கரையும் சில இடங்களில்தான். ஆனாலும் ஒருவர் நடக்க, மற்றவர் அருங்காட்சியகம் பார்க்க, மாலையில் ஒரே காபிக் கடையில் சந்திக்க முடிகிற தீவு இதுதான். தம்பதியில் ஒருவருக்கு மட்டும் மூட்டுவலி இருந்தால் இதன் அருமை தெரியும்.

ஐந்து நாளுக்குள் என்றால் என் ஓட்டு மால்டாவுக்கு, அதுவும் அக்டோபர் முதல் மே வரை. ஒரு வாரம் கிடைத்து, சமநிலையும் நன்றாக இருந்தால் மதீரா. நடையைவிட நீச்சல்தான் உயிர் என்பவர்களுக்கு மாலத்தீவு. மழை குறைந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் பருவம். ஆகஸ்டில்தான் போக முடியும் என்பவர்களுக்கு மட்டும் நானே தீர்ப்பை மாற்றுவேன். அப்போது மால்டாவில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், நிழலில்லாத பாறை வழிகளில் பத்து மணிக்கு மேல் நடக்கவே முடியாது. மதீராவின் தலைநகர் ஃபுன்ஷாலில் அதே மாதம் பகல் வெப்பம் 25, 26ஐ ஒட்டியே நிற்கும். காற்றுக்கென ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிவிட்டு மதீராவுக்கே போகலாம்.